விண்ணோடத்துக்குக் காவல்

2 நவம்பர் 2007, வெள்ளி

லீவு நாள். பஹ்ரைனில் எல்லாருக்கும் வெள்ளிக்கிழமை உண்டு. எனக்கும் இந்த ரஷ்ய விண்ணோடத்துக்கும் கிடையாது. காலையில் ரூமில் துணி துவைத்துப் போட்டுவிட்டு, சோற்றை டப்பாவில் அடைத்துக்கொண்டு யார்டுக்கு வந்துவிட்டேன்.

பிற்பாடு எவனாவது இதைப் படித்து எனக்குப் பைத்தியம் என்று நினைக்கக் கூடாது, அதனால் முதலிலேயே எழுதிவிடுகிறேன். துறைமுகத்துக்குப் பின்னால் எங்கள் கம்பெனி யார்டு. கண்டெய்னர்கள், துருப்பிடித்த ஒரு கிரேன், நடுவில் ஒரு விண்ணோடம். பொம்மை இல்லை. சோவியத் தேசத்தார் அமெரிக்காவுக்குப் போட்டியாகச் செய்தவற்றில் ஒன்று. விண்வெளிக்குப் போனது வேறு. இது அதற்கு மூத்தது. வானத்திலிருந்து சரியாக இறங்குவது எப்படி என்று பழகிப் பார்க்கச் செய்தது. தேசம் உடைந்த பிறகு இதைக் கண்காட்சிக்கு வாடகைக்கு விட்டுவிட்டார்கள். ஆஸ்திரேலியா போய், அங்கிருந்து 2002இல் ஒரு கோடைத் திருவிழாவுக்காக இங்கே வந்தது. திருவிழா முடிந்தது, வழக்கு தொடங்கியது. ஓடம் யாருக்குச் சொந்தம் என்று தீர்ப்பாகும்வரை இருந்த இடத்தில் இருந்தபடி இருக்க வேண்டும், யாரும் தொடக் கூடாது என்று உத்தரவு.

பொறுப்பாளர் என்று ஒரு ஆள் பெயர் வேண்டியிருந்ததாம். 2004 நவம்பரில் மேனேஜர் சாக்கோ சார் என்னைக் கூப்பிட்டு இங்கே ஒரு கையெழுத்துப் போடு என்றார். போட்டேன். என் பாஸ்போர்ட்டையும் கோர்ட்டில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். அடுத்த மாதம் ஊரில் கடல் ஏறி வந்து எங்கள் வீட்டைக் கொண்டுபோனது. என்னால் போக முடியவில்லை. மற்றதை இதில் எழுதப் போவதில்லை.

சாயங்காலம் பிரகாசிக்குப் போன் போட்டேன். கட்டிய மனைவி எடுத்ததும் ஹலோ கூடச் சொல்லவில்லை.

“சாமியார் கண்டிசனா சொல்லிட்டாரு. ஈஸ்டருக்குள்ள ரெண்டு பேரும் நேர்ல வந்து கையெழுத்துப் போட்டு சாவிய வாங்கணுமாம். இல்லன்னா நம்ம வீட்ட வேற ஆளுக்குக் குடுத்துருவாவ.”

எங்கள் பங்குச் சாமியாரின் பொறுப்பில், சுனாமிக் குடியிருப்பில் எங்களுக்கு ஒதுக்கிய வீடு. புருசன் பெண்டாட்டி இருவர் பேரிலும் எழுதியது. கட்டி முடித்து ஒரு வருஷமாகப் பூட்டிக் கிடக்கிறது. பிரகாசியும் மகளும் அவள் அண்ணன் வீட்டுப் பின்கட்டில் ஒண்டியிருக்கிறார்கள்.

“ராக்கெட்டு இங்க நிக்கும்போது நான் எப்பிடி வருவேன்?” என்றேன்.

“மூணு வருசமா இதையே சொல்லுதீய. எனக்குக் கேட்டுக் கேட்டு அலுத்துப் போச்சி.”

கார்டில் காசு தீர்ந்து லைன் போய்விட்டது. நல்லவேளை என்று நினைத்தேன்.

9 நவம்பர்

தூசிக் காற்று. கேட்டுக்குத் தாழ்ப்பாள் மாற்றினேன். ஓடத்தின் பின்பக்கக் குழாய்களில் மைனா கூடு வைத்திருக்கிறது.

16 நவம்பர், வெள்ளி

ஆர்க்காதி வந்தான். ஓடத்தோடு ஆஸ்திரேலியாவுக்குப் போய், அங்கிருந்து அதோடேயே இங்கே வந்த ரஷ்ய ஃபிட்டர். கூட வந்தவர்கள் எல்லாம் திரும்பிப் போய்விட்டார்கள். இவன் சித்ரா என்கிற இடத்தில் ஒரு கராஜில் கார் ரிப்பேர் செய்துகொண்டு கிடக்கிறான். வெள்ளிக்கிழமை தவறாமல் வந்து ஓடத்தைச் சுற்றி ஒரு நடை நடப்பான், மாட்டுத் தரகன் மாதிரி. பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்து என் கருவாட்டைத் தின்பான். பொரிக்க வேண்டாம், கழுவவும் வேண்டாம். நெத்திலியை அப்படியே பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு பீர் குடிக்கிறவனை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அவன் ஊரிலும் அப்படித்தானாம்.

அவன் பேசுவது யார்டு ஹிந்தியும் இங்கிலீஷும் கலந்த ஒரு பாஷை. தமிழில் எழுதினால் இப்படி வரும்.

“நேத்து என்ன நாள் தெரியுமா? நவம்பர் பதினைஞ்சு. எண்பத்தெட்டுல இதே நாள்லதான் நம்ம தம்பி மேல போனான்.”

தம்பி என்றால் விண்வெளிக்குப் போன ஓடம். புரான் என்று பேர், பனிப்புயல் என்று அர்த்தமாம். அமெரிக்காக்காரன் ஒன்று செய்கிறான் என்று இவர்களும் தொடங்கி, பன்னிரண்டு வருஷம் ஊர் ஊராகத் தொழிற்சாலைகளில் எத்தனையோ ஆயிரம் பேர் உழைத்திருக்கிறார்கள். இங்கே நிற்கிற அண்ணனை இருபத்தைந்து தடவை பறக்கவிட்டு இறங்கப் பழக்கினார்கள். கடைசியில் தம்பி ஒரே ஒரு தடவை போனது. பூமியை இரண்டு சுற்று. உள்ளே ஒரு ஆள் கிடையாது. தானே போய்த் தானே வந்து ஓடுபாதையில் இறங்கியது.

“ஒரே தடவையா?” என்றேன்.

“ஒரே தடவைதான். அப்புறம் தேசமே போச்சு, காசும் போச்சு.”

“அப்ப இவ்வளவும் எதுக்கு?”

“உன் கருவாட்ல உப்பு ஜாஸ்தி” என்று சொல்லி எழுந்து போய்விட்டான்.

5 டிசம்பர்

சாக்கோ சார் சிரித்த முகமாக வந்தார். வழக்கு முடிகிறதாம். ஜெர்மனியில் ஒரு மியூசியம் ஓடத்தை வாங்கப் போகிறதாம். “தனக்கு நாட்டில் போகாமல்லோ, சேசடிமை” என்று என்னை மலையாளத்தில் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, இனி ஊருக்குப் போகலாம் என்று முதுகில் தட்டினார்.

நல்ல செய்திதான். காலையிலிருந்து மண்டையிடி. பிரகாசியிடம் இன்னும் சொல்லவில்லை, உறுதியாகட்டும்.

12 டிசம்பர்

ரூமில் என் சமையல் முறை. பருப்பு தீய்ந்துவிட்டது, ஆளுக்காள் முணுமுணுத்தார்கள்.

26 டிசம்பர்

கோயிலுக்குப் போகவில்லை. மீன் வாங்கவில்லை. பிரகாசி இரண்டு தடவை கூப்பிட்டாள், எடுக்கவில்லை.

7 ஜனவரி 2008

மாதக் கடைசியில் ஜெர்மனியிலிருந்து ஒருவர் ஓடத்தைப் பார்வையிட வருகிறாராம், கோர்ட் ஆளோடு. எல்லாம் உத்தரவில் எழுதியபடி இருக்கிறது என்று கண்டால் அப்போதே கையெழுத்தாகிவிடும். சாக்கோ சார் யார்டைக் கூட்டிப் பெருக்கச் சொன்னார். பெருக்கினேன்.

11 ஜனவரி, வெள்ளி

இந்த ஊரில் இப்படி ஒரு குளிரை நான் பார்த்ததில்லை. மழை வேறு. ஓடத்தின் சக்கரங்களுக்கு மேலே கால் மாதிரி இரும்பு இருக்கிறதே, அதில் உப்புப் பூத்து நிற்கிறது. பார்க்கப் பொறுக்கவில்லை.

எங்கள் ஊரில் வள்ளத்தைக் கரையேற்றினால் சுறா எண்ணெய் பூசாமல் விடமாட்டோம். உப்பு தின்னாது, வெயில் வெடிக்காது. முஹரக்கில் மீன்பிடி லாஞ்சில் போகிற நம்மூர்ப் பையன்களிடம் கேட்டு ஒரு டின் வாங்கி வந்தேன். பழந்துணியில் முக்கி, கால், டயர், கதவுக் கீல், அடிவயிறு, எட்டின மட்டும் பூசிவிட்டேன். நாற்றம் நாற்றம்தான். மகன் அஜின் இந்த எண்ணெய் டின்னைத் திறந்தாலே மூக்கைப் பொத்திக்கொண்டு கடலில் போய் விழுவான். நான் துரத்துவேன்.

முதுகு விட்டுப் போயிற்று. ஜெர்மனிக்காரர் வருகிறதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. யாரும் அப்படி நினைக்க வேண்டாம்.

28 ஜனவரி

நினைத்துவிட்டார்கள்.

காலை பத்து மணிக்கு இரண்டு கார். ஜெர்மனிக்காரர், கோர்ட் ஆள், சாக்கோ சார். கேட்டைத் திறந்ததும் ஜெர்மனிக்காரர் கைக்குட்டையை எடுத்துவிட்டார். துறைமுகத்துப் பூனை அத்தனையும் ஓடத்தின் அடியில். ஒன்று சக்கரத்தில் ஏறி நின்று அதன் காலை நக்கிக்கொண்டிருந்தது. ஓடத்தின் மேல் ஓடு பதித்த மாதிரி ஒட்டியிருக்கிற கட்டிகளில் கொஞ்சம் எண்ணெயில் ஊறிப் பழுப்பாகிவிட்டன. பார்த்தால் எனக்கே சங்கடமாக இருந்தது.

“எடோ, எந்தா இது? தொடக் கூடாதுன்னு உத்தரவுல்லே?” சாக்கோ சார் காது சிவந்துவிட்டது.

“துரு பிடிக்குதுன்னு பூசினேன் சார். எங்க ஊர்ல வள்ளத்துக்கு...”

“இது வள்ளமாடோ?”

கோர்ட் ஆள் காகிதங்களை மூடிவிட்டார். பழைய நிலைக்குக் கொண்டுவந்து காட்டினால்தான் மேற்கொண்டு பேச்சு. ஒரு மாதம் கழித்து வருவார்களாம். மறுபடி வந்து பார்த்து, அப்புறம் விற்று, கழற்றி, கப்பலில் ஏற்றி. ஈஸ்டர் இந்த வருஷம் மார்ச் இருபத்துமூன்றிலேயே வருகிறது.

பிரகாசியிடம் சொன்னேன், இன்னும் ஒரு மாதம் தள்ளிப்போகிறது என்று. சத்தம் போடுவாள் என்று பார்த்தேன், போடவில்லை. “சரி” என்று மட்டும் சொன்னாள். அவள் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

1 பிப்ரவரி, வெள்ளி

ஆர்க்காதி வந்தான். சுற்றி நடக்கவில்லை. ஓடத்தின் காலைத் தடவி முகர்ந்து பார்த்தான். கையைத் தன் பேண்ட்டில் துடைத்தான்.

“ரப்பர் டயர்ல எண்ணெய் போட்டா என்ன ஆகும்னு உனக்குத் தெரியாதா? டிராக்டர் கூட ஓட்டினவன்தானே நீ?”

தெரியும். கருவாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தேன்.

“இது போகக் கூடாதுன்னுதான் நீ செஞ்சே.”

“வாயக் கொட்டாத. இது போனாத்தான நான் ஊருக்குப் போவ முடியும்?”

“உன் பாஸ்போர்ட் எங்கே?”

சாக்கோ சார் சொல்லியிருக்கிறார், வேறு யார். போன மார்ச்சிலேயே பொறுப்பாளர் பெயரை அவர் பேருக்கு மாற்றி, என் பாஸ்போர்ட்டைத் திருப்பி வாங்கிக் கொடுத்துவிட்டார். பெட்டியில் சட்டைகளுக்கு அடியில் இருக்கிறது. இருந்தால் என்ன? யார்டைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டாமா?

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. “நீ மட்டும் என்ன யோக்கியம்? நீ ஏன் ஊருக்குப் போகல?” என்றேன். “உன் தம்பி வீட்டுக்குப் போச்சே, என்ன கதி ஆச்சு?”

அது அவனே சொன்ன கதைதான். பறந்து வந்த ஓடத்தைப் பெரிய கொட்டகையில் வைத்திருந்தார்கள். இதை இங்கே கொண்டுவந்த அதே 2002இல், மே மாதம், கொட்டகைக் கூரை இடிந்து அதன்மேல் விழுந்தது. ஓடம் நொறுங்கிப் போயிற்று. கூரையில் வேலை செய்த எட்டு ஆட்களும் செத்தார்கள்.

“வீட்டுக்குப் போனது நசுங்கிச்சு. போகாம இங்க வெயில்ல கெடக்கிறது முழுசா நிக்கிது” என்றேன். “இதுக்கு என்ன சொல்லுத?”

அவன் சொன்னான், எண்பத்தெட்டில் தம்பி இறங்கிய அன்றைக்கு இறங்குமிடத்தில் அவனும் இருந்தானாம். சக்கர வேலைக்காரர்களில் ஒருவனாகக் கூட்டிப்போயிருக்கிறார்கள். பயங்கரக் காற்று. ஓடம் மேகத்துக்குள்ளிருந்து வருகிறது என்று எல்லாரும் அண்ணாந்து நிற்கிறார்கள். ஓடுபாதைக்குக் கிட்டே வந்தது, இறங்கவில்லை. யாரும் எதிர்பார்க்காத பக்கமாகத் திரும்பிக் குறுக்கே போயிற்று.

“போச்சு, கெட்டுப் போச்சுன்னு நினைச்சோம். என் பக்கத்துல ஒருத்தர் உட்கார்ந்துட்டார். அழிச்சிடலாமான்னு கூடப் பேச்சு வந்துதாம்.”

“பெறவு?”

“அது கெடலை. வேகம் ஜாஸ்தியா இருந்தது, அப்படியே இறங்கினா நிக்காது. அதனால ஒரு சுத்து சுத்தி வேகத்தைக் குறைச்சுது. அப்புறம் நேரா வந்து கோட்டுமேல இறங்கிச்சு.” பீரைத் திறந்து எனக்கு நீட்டினான். நான் குடிப்பதில்லை என்று அவனுக்குத் தெரியும். “பதினாலு வருஷம் கழிச்சு கூரை விழும்னு அதுக்குத் தெரியாது. தெரிஞ்சாலும் இறங்கித்தான் ஆகணும். மேலேயே இருக்க முடியாது.”

அதன் பிறகு எழுந்து போய்ப் பைப்பைத் திறந்து வாளியை வைத்தான். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு நானும் போனேன்.

8 பிப்ரவரி, வெள்ளி

வெந்நீர், சோப்புத் தூள், தேங்காய் நார். நார் எங்கள் ரூமிலிருந்து. நான் அடிவயிறு, அவன் கால்கள். கட்டிகளை அழுத்தித் தேய்க்கக் கூடாது என்று கத்திக்கொண்டே இருந்தான். கை தோல் உரிந்துவிட்டது.

மகளிடம் போனில் பேசினேன். “வாறீயளா, வரலியா, அத மட்டும் சொல்லுங்கப்பா” என்றாள். பத்தாவது படிக்கிறாள், பேச்சு அப்படியே அவள் அம்மா.

15 பிப்ரவரி, வெள்ளி

இன்றும் கழுவினோம். நாற்றம் பாதி போயிற்று. பூனைகள் கோபித்துக்கொண்டு போய்விட்டன. ஆர்க்காதி டயர்களை மாவு போட்டுத் துடைத்தான், எங்கே கற்றானோ.

வேலை முடிந்து உட்கார்ந்திருக்கும்போது கேட்டான், “பையனுக்கு என்ன வயசு?”

“ஒம்பது” என்றேன்.

அவன் மேற்கொண்டு கேட்கவில்லை. மூன்று வருஷத்தில் பன்னிரண்டு ஆகியிருக்க வேண்டும் என்று கணக்குப் பார்க்கிற ஆள் இல்லை அவன். அல்லது பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தானோ என்னவோ.

26 பிப்ரவரி

வந்தார்கள், பார்த்தார்கள். ஜெர்மனிக்காரர் குனிந்து முகர்ந்தார், சிரித்தார். கையெழுத்தாகிவிட்டது. கழற்றுகிற வேலைக்கு ஆர்க்காதியை அவர்களே கூப்பிட்டுக்கொண்டார்கள்.

6 மார்ச்

ஓடம் போய்விட்டது. வாலைக் கழற்றித் தனியாக, உடலை நீள வண்டியில். துறைமுகம் வரைக்கும் நானும் ஆர்க்காதியும் பின்னாலேயே நடந்தோம், பிரேதத்துக்குப் பின்னால் போகிற மாதிரி. கப்பலில் தூக்கி வைக்கும்போது அது ஒரு பக்கமாக லேசாகச் சாய்ந்தது. ஆர்க்காதி தன்னையறியாமல் கையைத் தூக்கித் தாங்கப் போனான். அங்கிருந்து அவன் கைக்கு எட்டுமா?

“நீயும் கூடப் போயிரு” என்றேன்.

“கராஜ்ல மூணு கார் பாக்கி இருக்கு” என்றான். போகும்போது என் கருவாட்டுப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு போனான்.

யார்டுக்குத் திரும்பினால் நடுவில் வெறும் மணல். சக்கரம் நின்ற இடத்தில் மட்டும் எண்ணெய்க் கறை. உட்கார்ந்து அழுதேன். யாரும் இல்லை, அதனால் நன்றாகவே அழுதேன்.

9 மார்ச், ஞாயிறு

சாக்கோ சாருக்கு யார்டில் புதுச் சரக்கு வருகிறது. பெரிய கிரேன், இரண்டு மாதம் நிற்கும். பார்த்துக்கொள்ள நம்பிக்கையான ஆள் வேண்டுமாம். “தான் இருக்காமோ? இல்லன்னா டிக்கெட் ரெடி” என்று, நான் இருப்பேனா எனக் கேட்டார். நாளைக்குச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

பிரகாசிக்குப் போன் போட்டேன். ஓடம் போனதைச் சொன்னேன். அப்புறம் கிரேனைப் பற்றி ஆரம்பித்தேன், இரண்டே மாதம்தான், சாமியாரிடம் நான் பேசுகிறேன், இன்னும் கொஞ்சம் தவணை கேட்கலாம் என்று. அவள் ஒன்றும் சொல்லவில்லை. மௌனம் எனக்கு ஆகாது. வாய் தானாக எதையெதையோ பேசும். ஆர்க்காதி சொன்ன கதையைச் சொன்னேன். ஆளில்லாமல் போனது, காற்றில் வந்தது, இறங்காமல் திரும்பியது, வேகம் குறைய ஒரு சுற்று சுற்றியது. எல்லாம் சொல்லி முடித்தேன்.

“அதுல ஆளு இல்லியா?” என்று கேட்டாள்.

“ஒருத்தரும் இல்ல.”

“ஆளு இல்லாததே ஒரு சுத்துல எறங்கிச்சி. நீங்க மூணு வருசமா சுத்துதீய.” மூக்கை உறிஞ்சினாள். “நான் ஒத்தயா அவனப் பாத்துட்டு வாறேன், மாசாமாசம். எனக்கும் ஆள் வேணும். சுத்துனது போதும், எறங்குங்க.”

கார்டில் இன்னும் காசு இருந்தது. லைன் போகவில்லை. நான்தான் பேசாமல் இருந்தேன், அவளும் வைக்கவில்லை.

10 மார்ச்

சாக்கோ சாரிடம் டிக்கெட் கேட்டேன்.

20 மார்ச், பெரிய வியாழன்

திருவனந்தபுரத்தில் இறங்கி, பஸ் மாறி வந்தேன். ஜங்சனில் பிரகாசி ஆட்டோ பிடித்து நின்றிருந்தாள். இளைத்திருக்கிறாள். நானும் நரைத்திருக்கிறேன் போல, தலையையே பார்த்தாள். “சாமியாரு ரெண்டு மணி வரைக்கும் இருப்பாரு” என்றாள்.

குடியிருப்புக்கு வலப்பக்கம் போக வேண்டும். நான் ஆட்டோக்காரரிடம், நேரே விடுங்க, கடற்கரைக் கோயிலுக்கு என்றேன். பிரகாசி பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

கோயிலுக்குப் பின்னால் எல்லாருக்கும் சேர்த்து ஒரே நீளச் சமாதி. கருங்கல் பலகையில் பெயர்கள். நான் முதல் வரியிலிருந்து படித்துக்கொண்டே வந்தேன். கண் மறைத்தது, திரும்பத் திரும்ப ஒரே பெயரையே படித்தேன். பிரகாசி தேடவில்லை. என் கையைப் பிடித்துக் கொண்டுபோய் ஒரு இடத்தில் வைத்தாள்.

“இஞ்ச” என்றாள்.

அவன் பெயர் இருக்கிற இடம் மட்டும் வழவழப்பாகத் தேய்ந்திருந்தது. அவள் கை பட்டுப் பட்டுத்தான்.

பிறகு இருவரும் சாவி வாங்கப் போனோம்.